அந்த அகலக் கதவு யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கப்பல் சுற்றுலா பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: க்ரூஸ் கப்பல்களில் சக்கர நாற்காலி போய்வரக் கட்டிய கேபின்கள் எப்போது கேட்டாலும் ஏன் காலி இல்லை, அவற்றில் யார்தான் போகிறார்கள் என்று. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். அணுகல் வசதி கேபின் என்பது முறையான பெயர். பேச்சில் எல்லோரும் வீல்சேர் கேபின் என்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: என் கணவர் எட்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். கப்பல் புறப்பட 14 மாதம் இருக்கும்போதே வீல்சேர் கேபின் கேட்டோம், எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். பிறகு அதே கப்பலில் போய்வந்த ஒரு குடும்பம் எங்களிடம் போட்டோ காட்டி, “பாத்ரூம் எவ்வளவு பெரிது பாருங்கள், இந்த ரூமைக் கேட்டு வாங்கினோம்” என்று சொன்னது. அவர்கள் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. இது எப்படி நடக்கிறது? கேட்க ஆளே கிடையாதா?

பதில்: கேட்கச் சட்டம் இருக்கிறது அம்மா. அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த போட்டோவைப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் அக்காவின் நாற்காலி 64 செ.மீ. அகலம். சில வருடங்களுக்கு முன் நாங்கள் போன ஒரு பயணத்தில், உறுதி செய்து பணமும் கட்டியிருந்த வீல்சேர் கேபினை ஏறுகிற அன்றைக்கு மாற்றிவிட்டு, சாதாரண கேபின் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அதன் கதவு 57 செ.மீ. நாற்காலியை வெளியிலேயே மடக்கி வைத்துவிட்டு நானும் அக்கா மகளும் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். குளியலறை வாசலில் அரைச் சாண் உயரத்துக்கு இரும்பு நிலை, கப்பல் ஆடும்போது தண்ணீர் அறைக்குள் வராமல் இருப்பதற்காக வைப்பது. அதைத் தாண்டினால் ஒரு ஆள் திரும்பவே இடம் பத்தாத ஷவர். ஏழு நாளும் அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டாள். எங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டாள், அதை நான் கவனித்தது மூன்றாவது நாள்தான். இன்னொரு குடும்பத்துக்குப் ‘பெரிய பாத்ரூம்’ என்று தெரிகிற அந்த அறை என் அக்காவுக்குக் குளிக்க முடிகிற ஒரே அறை. உங்கள் கணவருக்கும் அப்படித்தான்.

சரி, எப்படி நடக்கிறது? வீல்சேர் கேபினில் கதவின் திறப்பு சுமார் 80 செ.மீ. இருக்கும், நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்தடி விட்டத்துக்கு வெற்றிடம் விட்டிருப்பார்கள், குளியலறையில் நிலை இருக்காது, நாற்காலியோடு ஷவருக்குள் போய்விடலாம். இந்த இடத்தை எல்லாம் விட்டதால் அறையே பெரிதாகிவிடுகிறது. கட்டணமோ அதே வகுப்பின் சாதாரண கேபினுக்கு உள்ளதுதான். அதே பணத்துக்குப் பெரிய அறை என்றால் ஆள் வராமல் இருக்குமா? புக்கிங் செய்கிற இடத்தில், “உங்களில் யாருக்கு இந்த வசதி தேவை?” என்று ஒரு கேள்வி கேட்காவிட்டால் போதும், அறை போய்விடும்.

அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990 சட்டம் வந்தபோது, எங்கள் கப்பல் பதிவாகியிருப்பது வேறு நாட்டில், பறக்கவிடுவது பஹாமாஸ் கொடி, பனாமா கொடி, இந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கப்பல் தரப்பில் வாதாடினார்கள். ஸ்பெக்டர் என்பவர் நார்வீஜியன் க்ரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அமெரிக்கக் கடற்பகுதிக்கு வருகிற வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், கப்பலின் உள் நிர்வாகத்திலும் சர்வதேசப் பாதுகாப்பு விதிகளிலும் குறுக்கிடுகிற இடங்களில் மட்டும் விலக்கு என்று சொன்னது. பிறகு 2010-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை பயணிகள் கப்பல்களுக்கென்று தனி விதிகளே கொண்டு வந்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றுகிற கப்பல் எந்தக் கொடியில் ஓடினாலும் அதற்கு இந்த விதிகள் உண்டு.

அந்த விதிகள் சொல்வது இது. ஒரு வகுப்பில் மற்ற கேபின்கள் எல்லாம் விற்றுத் தீரும் வரை அந்த வகுப்பின் வீல்சேர் கேபினைத் தேவைப்படுகிறவருக்காக நிறுத்தி வைக்க வேண்டும். தேவைப்படுகிற ஒருவர் பதிவு செய்துவிட்டால் அதை எல்லா புக்கிங் அமைப்பிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். கேட்டு வருகிறவரிடம், உங்களுக்கோ உங்களோடு அந்த அறையில் தங்குபவருக்கோ இந்த வசதி தேவைப்படுகிற குறைபாடு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும், விரும்பினால் எழுதியும் வாங்கிக்கொள்ளலாம். பொய் சொல்லி வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருந்தால் விசாரித்தே ஆக வேண்டும், பொய்யென்று தெரிந்தால் கப்பலில் ஏற்றாமல் திருப்பி அனுப்பக்கூட உரிமை உண்டு.

ஆக, நீங்கள் நிறுவனத்துக்கு எழுதும்போது அந்தக் குடும்பத்தைப் பற்றிப் புகார் சொல்வதை விட, அந்தப் பயணத்தில் நாங்கள் கேட்ட தேதியில் அந்த வகுப்பின் சாதாரண கேபின்கள் விற்பனையில் இருந்தனவா, இருந்தன என்றால் வீல்சேர் கேபின் எப்படி முடிந்தது, வாங்கியவர்களிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதா என்று எழுதிக் கேளுங்கள். அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏஜென்ட் எங்களுக்குப் போட்டுக் கொடுத்திருப்பது வீல்சேர் கேபின் என்று உறுதிச்சீட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. எங்களில் யாருக்கும் தேவை இல்லை. “காலியாகத்தானே இருந்தது, யாருக்கு என்ன நஷ்டம்” என்கிறார் ஏஜென்ட். நாங்கள் செய்தது தப்பா?

பதில்: தெரியாமல் கிடைத்தது தப்பில்லை சகோதரி, தெரிந்த பிறகு வைத்துக்கொள்வதுதான் தப்பு. நீங்கள் எழுதிக் கேட்டதே மனசு உறுத்துவதால்தான் என்று நினைக்கிறேன்.

யாருக்கு நஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. 2015-இல் கார்னிவல் என்கிற பெரிய கப்பல் நிறுவனம், மாற்றுத்திறனாளிப் பயணிகள் கொடுத்த புகார்களின் பேரில் அமெரிக்க அரசின் நீதித்துறையோடு ஒரு சமரச ஒப்பந்தம் செய்துகொண்டது. கார்னிவல், ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ் ஆகிய பெயர்களில் ஓடும் 62 கப்பல்கள் அதில் அடக்கம். புகார் கொடுத்தவர்களுக்கு 3,50,000 டாலரும் அரசுக்கு அபராதமாக 55,000 டாலரும் கட்டினார்கள், அதோடு பல கப்பல்களில் நூற்றுக்கு 3 கேபின் அணுகல் வசதியோடு இருக்கும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். இந்த 3 சதவீதத்தை வைத்தே பாருங்கள். 1,500 கேபின் உள்ள கப்பல் என்றால் 45. அந்த 45-இலும் நாற்காலியோடே புழங்குபவருக்கான முழு வசதி அறை, கட்டிலுக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்காலி போகிற அறை, கொஞ்சம் நடக்க முடிந்தவருக்கான அறை என்று மூன்று வகை. அதை மறுபடி உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் என்று பிரித்தால் ஒரு வகுப்பில் ஒருவர் நம்பிப் போவதற்கு மூன்றோ நாலோதான் மிஞ்சும். அதில் ஒன்று இப்போது உங்களிடம் இருக்கிறது. மீதி 1,455 அறைகளில் எதில் வேண்டுமானாலும் நீங்கள் தூங்கலாம்.

இன்றைக்கே ஏஜென்ட்டைக் கூப்பிட்டு அதே வகுப்பில் வேறு அறை கேளுங்கள். அந்த வகுப்பில் வேறு அறையே இல்லை என்று நிறுவனம் சொன்னால், அந்த நிலையில் பொதுவாக விற்பதற்கு விதி இடம் கொடுக்கிறது, அதனால் நீங்கள் விதியை மீறியவராக மாட்டீர்கள். அப்போதும் “தேவைப்படுகிற ஒருவர் கேட்டு வந்தால் நாங்கள் மாறிக்கொள்ளத் தயார்” என்று எழுதிக் கொடுத்து வையுங்கள். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கூட ஒருவருக்கு அது உதவலாம். கேட்காமலே அந்த அறையைத் தள்ளிவிட்ட ஏஜென்ட்டிடம் நான் என்றால் அடுத்த பயணத்தைக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், இதயமும் பலவீனம். வீட்டுக்குள் நடப்பார், பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. வீல்சேர் கேபினில் போனோம். ஒருநாள் அம்மா எழுந்து நடந்து வந்ததைப் பார்த்து எதிர் அறைக்காரர், “நடக்கிறவர்களுக்கு எதற்கு இந்த ரூம்?” என்று காதில் விழும்படியே சொன்னார். அம்மா அதன் பிறகு அறையை விட்டே வரவில்லை. நாங்கள் அதை எடுத்தது சரிதானா?

பதில்: சரிதான். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இன்றைய பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம், சாப்பாட்டுக் கூடம் ஒரு கோடியில் இருக்கும், அரங்கம் மறுகோடியில் இருக்கும். காலையில் நாலடி நடந்தவர் சாயங்காலம், நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி ஸ்கூட்டர் இல்லாமல் நகர முடியாமல் போவது சகஜம். நரம்புத் தளர்ச்சி நோய்கள், நுரையீரல் பாதிப்பு, செயற்கைக் கால், இவை எதுவும் எதிர் அறைக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. தேவை இருக்கிறதா என்று கேட்கிற அதிகாரம் புக்கிங் செய்கிறவருக்கு இருக்கிறது, கேட்க வேண்டிய நேரமும் அதுதான். கப்பல் ஏறிய பிறகு சக பயணி எடை போடுவது அக்கிரமம், அதைச் செய்கிறவர்களில் பலர் தாங்கள் ஏதோ நியாயத்துக்காகப் பேசுவதாக நினைத்துக்கொள்வது இன்னும் வருத்தம்.

ஒரு விஷயம் மட்டும் அடுத்த முறைக்கு யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்கு உண்மையில் என்னென்ன வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். குளியலறையில் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், உயரமான கழிப்பறை இருக்கை, லிஃப்டுக்குப் பக்கம், இவ்வளவுதான் என்றால் மேலே சொன்ன மூன்று வகையில் கொஞ்சம் நடக்க முடிந்தவருக்கான அறையே போதும். ஸ்டூலும் இருக்கை உயர்த்தியும் முன்கூட்டிக் கேட்டால் பல கப்பல்களில் சாதாரண கேபினுக்கே கொண்டுவந்து வைப்பார்கள். ஸ்கூட்டர் உள்ளே வர வேண்டும், நாற்காலியோடு குளிக்க வேண்டும் என்றால் முழு வசதி அறையைத் தயங்காமல் எடுங்கள். உரிமை இல்லை என்பதால் இதைச் சொல்லவில்லை. முழு வசதி அறைகள்தான் ரொம்பக் குறைவு, அது இல்லாவிட்டால் பயணமே இல்லை என்று இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் காது கேட்காது. நாங்களும் வீல்சேர் கேபின்தான் கேட்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கதவு தட்டினாலும் ஆபத்து மணி அடித்தாலும் விளக்கு எரிந்து காட்டுகிற, தலையணைக்கடியில் அதிர்ந்து எழுப்புகிற சாதனங்களைச் சாதாரண கேபினிலேயே பொருத்துவார்கள். புக்கிங் செய்யும்போதே சொல்லிவையுங்கள், ஏறின முதல் நாளே அது வேலை செய்கிறதா என்று ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வீல்சேர் கேபின் கேட்டதும் ஒரு படிவம் அனுப்பி, என்ன குறைபாடு, என்ன நாற்காலி, எத்தனை கிலோ என்று கேட்கிறார்கள். டாக்டர் சர்டிஃபிகேட்டும் கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது. ஊனத்தை ஒவ்வொரு இடத்திலும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? கோபம் வருகிறது.

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் முதல் கடிதத்தில் வந்த குடும்பத்தைத் தடுத்து நிறுத்துகிற கதவு அந்தப் படிவம்தான். நாற்காலியின் அகலம், எடை, பேட்டரி வகை எல்லாம் கப்பலுக்கு நிஜமாகவே தேவை. அறையில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா, துறைமுகத்தில் இறங்குகிற சாய்வுப் பலகை தாங்குமா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். டாக்டர் சர்டிஃபிகேட் வேறு விஷயம். குறைபாடு இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக அதைக் கட்டாயமாக்க அமெரிக்க விதி அனுமதிப்பதில்லை. இந்த அறை எங்களுக்குத் தேவை என்று நீங்கள் எழுதித் தருகிற உறுதிமொழி போதும்.

ஐரோப்பிய ஒன்றிய நாட்டுத் துறைமுகத்தில் ஏறுகிறீர்கள் என்றால், 2010-இல் இயற்றி 2012 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கிற அந்த ஒன்றியத்தின் 1177-ஆம் எண் ஒழுங்குமுறை உங்களுக்குத் துணை. குறைபாட்டைக் காரணம் காட்டி டிக்கெட் மறுக்கக்கூடாது, கூடுதல் காசு வாங்கக்கூடாது. பாதுகாப்பு விதி இடம் தரவில்லை, கப்பலின் அமைப்போ துறைமுகமோ ஒத்துவராது என்ற காரணங்களுக்கு மட்டும் மறுக்கலாம், அதற்கும் மாற்று வழி ஏதாவது காட்ட முயல வேண்டும். நீங்கள் கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அறை சம்பந்தமான தேவையை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டியது மட்டும் உங்கள் பொறுப்பு. ஏற இறங்க உதவி வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரி, கடைசியில் அறை கிடைக்க என்னதான் செய்வது? ஆன்லைனில் பார்த்தால் காலி இருக்கிற மாதிரி காட்டுகிறது, போன் செய்தால் இல்லை என்கிறார்கள். நாங்கள் நாலு பேர், மகளுக்குப் பேட்டரியில் ஓடுகிற பவர் நாற்காலி.

பதில்: முதலில் டேப்பை எடுத்து மகளின் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள், கைப்பிடி, சக்கரம் எல்லாம் சேர்த்து வெளி அகலம். அப்புறம் கப்பல் நிறுவனத்தில் அணுகல் வசதிக்கென்று இருக்கிற பிரிவோடு நேராகப் பேசுங்கள், பெரிய நிறுவனங்களில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. கேபின் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்குக் கதவு எத்தனை செ.மீ., கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இடம் உண்டா, பால்கனி வாசலில் மேடு இருக்கிறதா என்று கேளுங்கள். ‘வசதி உண்டு’ என்ற ஒற்றைப் பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள். எங்கள் அக்கா விஷயத்தில் நாங்கள் கோட்டை விட்டது அங்கேதான், கேபின் எண் இல்லாத உறுதியை நம்பிவிட்டோம். பேசியதை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணம் குறைகிறது என்று ‘கேரண்டி’ கேபின் மட்டும் எடுக்காதீர்கள். அதில் எந்த அறை என்பதைக் கடைசியில் நிறுவனம்தான் முடிவு செய்யும்.

நாலு பேர் என்பது சிக்கல். மேலே இழுத்துவிடுகிற பங்க் படுக்கை பல வீல்சேர் கேபின்களில் இருப்பதில்லை, இரண்டு பேருக்குத்தான் கணக்கு. நாலு பேர் என்று தட்டினால் ஆன்லைனில் அறையே காட்டாது, இரண்டு பேர் என்று தட்டினால் காலி என்று காட்டும். நீங்கள் பார்த்த குழப்பம் அதனால் கூட இருக்கலாம். மகளும் துணைக்கு ஒருவரும் ஒரு அறை, பக்கத்திலேயோ எதிரிலேயோ மற்ற இரண்டு பேருக்குச் சாதாரண அறை என்று ஒன்றாகப் பதிவு செய்யப் பாருங்கள்.

பயண அட்டவணை வெளியாகிற அன்றைக்கே கேட்பது நல்லது, பெரிய கப்பல்களுக்கு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் முன்பே புக்கிங் திறந்துவிடும். அது தவறிவிட்டால் இன்னொரு நேரம் இருக்கிறது. முழுப் பணமும் கட்ட வேண்டிய கடைசித் தேதி என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் புறப்பட மூன்று மாதம் இருக்கும்போது வரும். அதற்கு முந்தைய நாட்களில் ரத்து செய்கிறவர்கள் செய்துவிடுவார்கள், அறைகள் திரும்பி வரும். அந்த வாரம் தினமும் காலையில் ஒரு போன் போடுங்கள். எந்தெந்தத் துறைமுகத்தில் கப்பல் கரையோடு கட்டும், எங்கே நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சின்னப் படகில் இறக்குவார்கள் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பவர் நாற்காலியைப் பல இடங்களில் அந்தப் படகில் ஏற்ற மாட்டார்கள், அங்கே போய் நின்ற பிறகு தெரிந்தால் மகள்தான் அழுவாள்.

அறை கிடைத்ததும், சார்ஜ் போடுவதும் நாற்காலியை நிறுத்துவதும் உள்ளேயேதான், வராந்தாவில் விடக்கூடாது, தீ விபத்து என்றால் அதுதான் எல்லோரும் ஓடுகிற வழி. ஆபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடாது, மகளை எந்தப் படிக்கட்டு வழியாக யார் கொண்டு போவார்கள் என்று முதல் நாள் நடக்கிற பாதுகாப்புப் பயிற்சியின்போதே கேட்டு, அந்த ஊழியரின் முகத்தை மகளுக்குக் காட்டிவையுங்கள்.